நாரை வீட்டில் இல்லை

அடையாறு முகத்துவாரத்துப் பூங்காவுக்குள் குட்டிக் குட்டித் தீவுகள் உண்டு. மனிதர்கள் அங்கே கால் வைக்கக் கூடாது. கரையில் நின்று பார்க்கலாம், அதற்கும் முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை நானும் போனேன். கூட்டிப்போன வழிகாட்டி அம்மா எங்களை ஒரு தீவுக்கு எதிரில் நிறுத்தி, செல்போனில் ஒரு சாம்பல் நாரையின் படத்தைக் காட்டினார். அதற்கு வலது காலில் ஒரு விரல் கோணல்.

"இந்தத் தீவோட பழைய குடித்தனக்காரர் இவர்தான். சத்தம் போடாம நின்னா தரிசனம் குடுப்பார்" என்றார்.

நின்றோம். வந்த தும்மலைக்கூட நான் விழுங்கினேன். இரண்டு மணி நேரத்தில் அந்தத் தீவில் அசைந்தது ஒரு பிளாஸ்டிக் பை மட்டும்தான். அதையும் மூன்று பேர் படம் எடுத்தார்கள்.

எரிச்சலோடு வெளியே வந்து, மதியக் குழம்புக்காவது வழி பண்ணுவோம் என்று மீனவர்கள் வாழும் ஊரூர் குப்பத்துக்கு ஆட்டோ பிடித்தேன். நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவின் கடையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சாம்பல் நிறம், நீளக் கழுத்து, வலது காலில் விரல் கோணல். அக்கா சங்கரா மீனின் குடலைத் தூக்கிப் போட, லாவகமாக வாயில் வாங்கிக்கொண்டார்.

"இதப் பாக்கத்தான் காலையிலேர்ந்து தீவுக்கு எதிர்ல தவம் கெடந்தேன்!" என்று கத்தினேன். நாரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா அரிவாள்மணையிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: "இன்னாம்மா நீ, வேலை நேரத்துல வூட்டாண்ட போய்த் தேடிகினு கீற? நேரா ஆபீசாண்ட வர வேண்டியதுதானே!"