தகர வில்லை

ஸ்ரீரங்கம் கோயில் வாசலில் செருப்பை விட்டதும் கடைக்காரர் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுத்தார். "தொலைச்சிடாதீங்கம்மா" என்றார். தொலைப்பதாவது! அது உள்ளங்கையில் பட்டதுமே எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. வையம்பட்டியிலிருந்து என்னைக் கொண்டுவந்து திருச்சியில் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். வகுப்பில் தமிழ் பேசியவள் கையில் இப்படி ஒரு வில்லை வரும். அடுத்து எவள் தமிழ் பேசுகிறாளோ அவளிடம் அதைத் தள்ளிவிட வேண்டும். கடைசி மணி அடிக்கும்போது வில்லை யாரிடம் இருக்கிறதோ, அவள் விரல் முட்டியில் ரூல்தடி இறங்கும்.

அன்று கணக்குப் போடும்போது தமிழில் முணுமுணுத்து எண்ணிவிட்டேன். வில்லை என்னிடம் வந்தது. மத்தியானம் முழுக்க ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதீஜா, அத்தர் கடைக்காரர் மகள், சட்டென்று என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"காலைத் தூக்குடி, தேளு."

தேளுக்கு இங்கிலீஷில் என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

காலைத் தூக்கினேன். பெஞ்சுக்கு அடியில் கருந்தேள் ஊர்ந்து போயிற்று. மறு நிமிஷம் வில்லையை அவள் மடியில் வைத்தேன்.

அடி வாங்கும்போது அவள் அழவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

தரிசனம் முடிந்து செருப்பை எடுக்க வந்தேன். வில்லைக்காகக் கடைக்காரர் கை நீட்டினார். எனக்கு விரல் பிரியவில்லை.