வழவழப்பான சைலன்சர்

தொந்தி வைத்தவன் தாழ்வான காருக்கு அடியில் படுக்கக் கூடாது என்ற அறிவுகூட எனக்கு இல்லை. பழைய கார் என்றால் எனக்கு அத்துப்படி என்று பீற்றிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். தெரேஸ் அக்கா தன் அப்பாவின் பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் காரை விற்று, ஒழுகும் கூரையை மாற்ற நினைத்திருந்தார். சைலன்சர் கம்பெனியில் பொருத்தியதுதானா என்று பார்க்க, காரை வாங்க நினைத்த ஒருவர் பெங்களூரிலிருந்து டிஜிட்டல் கேமராவோடு வந்திருந்தார்.

"குழாய் மேல எழுத்து குத்தியிருக்கும், தடவிப் பாருங்க" என்றார் அவர்.

தடவினேன். அந்த வழவழப்பு எனக்குத் தெரிந்த வழவழப்பு.

சின்ன வயதிலும் இதே ஷெட்தான். ஆயுத பூஜைக்கு முதல் நாள், பெட்ரோலும் அரைத்த சந்தனமும் கலந்து மணக்கும். அக்காவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். ஆனாலும் காரைத் துடைக்கிற என் அப்பா அதற்குப் பொட்டு வைக்கும்போது, சுருட்டை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார். பொட்டு மட்டும் போதுமா என்று எட்டு வயது மேதை நான், உப்புத்தாளோடு அடியில் புகுந்து, துரு என்று நினைத்து அத்தனை எழுத்தையும் தேய்த்தெடுத்தேன். மின்னிய குழாயைக் குனிந்து பார்த்த சொல்தா, "மெர்சி, தம்பி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்போது அந்தக் கைதான் கூசியது.

"எழுத்து இல்லாம ஒரிஜினல்னு சொல்ல முடியாது மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பிப்போனார். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புழுதியோடு ஊர்ந்து வெளியே வந்தேன். "அக்கா, அந்த எழுத்த சின்ன வயசுல தேச்சி அழிச்சது நாந்தாங்க்கா."

"அப்ப வண்டிய நீயே வாங்கிக்க."