நடுவில் போட வேண்டிய துளை

ஃபரீதா அக்கா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக்கு வந்தது. போனை வைத்த மேஸ்திரி, "நம்ம கோணச் செருப்பு ஃபரீதா மௌத்தாயிட்டாளாம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செஞ்சியில் நம் பட்டறை ஜப்பானுக்கு மரச்செருப்பு செய்து அனுப்புகிறது. கெதா என்று அதற்குப் பெயர். மேலே ஒரு பலகை, அடியில் இரண்டு கட்டை, விரலிடுக்கில் துணி வார். வார் கோப்பது அக்காவின் வேலை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்ப்பேன்.

மாதிரி ஜோடி வந்த அன்று, சாமியார் பாதுகை என்று நினைத்து மேஸ்திரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். "இன்னாண்ணே நீ? அவங்க இதப் போட்டுக்கினு குளிக்கப் போறாங்க, காய் வாங்கப் போறாங்க. ஜப்பான்லேர்ந்து வந்திருந்த அந்தம்மா போன்ல காட்னாங்க இல்ல?"

அந்தச் செருப்பில் வலது இடது கிடையாது. முன் துளை நட்டநடுவில் இருக்கும். "கால் மாத்தி மாத்திப் போட்டா ரெண்டும் ஒண்ணாத் தேயும், பாரு" என்பார் அக்கா. மேஸ்திரிக்குத் தெரிந்தது நம் ரப்பர் செருப்பு. "வெரல் எங்க இருக்குது, ஓட்டை எங்க இருக்குது? தப்பா அனுப்பிட்டானுங்க" என்று, துளை போடுகிறவர்களிடம் அதைப் பெருவிரல் பக்கம் தள்ளிப் போடச் சொன்னார்.

"வாணாண்ணே, நடுவுலதான்" என்றார் அக்கா.

"ஜப்பான்ல உனக்கு மாமியார் வீடா?"

என் முன்னால்தான் இது நடந்தது.

மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. முதலாளி கேட்டபோது மேஸ்திரி, "ஃபரீதா வாரைக் கோணலாக் கோத்துட்டா" என்றார். துளை எங்கேயோ அங்கேதானே வார் போகும்? அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. மறுநாளிலிருந்து அக்காவை மரத்தூள் கூட்ட விட்டார்கள். கடைசிவரை கூட்டினார். கூட்டத் தொடங்கிய அன்று மதியம் எப்போதும்போல என் சோற்றில் குழம்பு ஊற்றி, "நான் தப்பு பண்லன்னு உனக்குத் தெரியும் இல்ல, அது போதும்" என்றார். போதவில்லை அக்கா.

செய்தி வந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல், அக்கா வீட்டு வாசலில் மேஸ்திரி அவர் மகளிடம், "நல்ல பொம்பள. அந்த ஒரு லோடுதான் கெடுத்துட்டா" என்றார்.

"ஓட்டையத் தள்ளிப் போடச் சொன்னது நீங்க" என்றேன். "அக்கா வாணான்னாங்க. நான் அங்கதான் இருந்தேன்."

"அட, இதுக்குப் பேசக்கூட வருமா?" என்று சிரித்தார் மேஸ்திரி. மகள் சிரிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள் என்னிடம். சொன்னேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கோபம் ஒன்றுதான். சாவு வீட்டுக் கோபம், நாலு நாளில் ஆறிவிடும் என்கிறார் அம்மா. ஆறவிட மாட்டேன். அன்று அந்தத் துளையைப் போட்ட நீங்களும் இதைப் படிப்பீர்கள். அக்காவின் வீடு உங்களுக்குத் தெரியும். போய் அவர் மகளிடம் நீங்களும் ஒரு முறை சொல்லுங்கள்.