ஃபிதென்சியா கேட்ட ஒரு வார்த்தை

பெரு நாட்டு லிமாவில் கமாரா துணிக் கடைவீதிக்கு வந்து யாரிடமாவது கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். வழக்கு முடிவதற்குள் சட்டை நாகரிகம் நாலு தடவை மாறிவிடும், வக்கீல் மட்டும் புது வீடு கட்டியிருப்பார். சரி, வியாபாரிகள் சங்கத்து மாடியில் சமரச அறை இருக்கிறதே என்றால் அதற்கும் உதட்டைப் பிதுக்குவார்கள். பேசித் தீர்க்கப் போகிறவன் பக்கம் வலு இல்லை என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. நானும் அப்படி நினைத்தவன்தான். ஜிப்பும் பொத்தானும் விற்கிறவன், எனக்கென்ன பெரிய ஞானம்? என் எதிர்க்கடை ஃபிதென்சியா அதை மாற்றினாள்.

பூனோ மலையிலிருந்து ஒற்றைப் பின்னல் இயந்திரத்தோடு இறங்கி வந்தவள் அவள். பள்ளிக்கூட ஸ்வெட்டர் பின்னுவாள். "ஃபிதென்சியா நூல்" என்றால் பள்ளி நடத்தும் கன்னியாஸ்திரிகள் இழுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். நூலுக்குச் சாயம் போடுவது ஹசிந்தோ. அவள் மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான்.

அந்த மார்ச் மாதம் பள்ளி திறந்தது. முதல் சலவையிலேயே அரக்குச் சாயம் வழிந்து, பிள்ளைகளின் வெள்ளைக் காலரெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. மட்ட நூல் வாங்கி ஏமாற்றிவிட்டாள் என்று தலைமைச் சகோதரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஹசிந்தோவோ, "நூல்ல எண்ணெய் இருந்துச்சு, சாயம் எப்படிப் பிடிக்கும்?" என்று கடை கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவசரத்தில் நூலைச் சாயத் தொட்டியிலிருந்து சீக்கிரமே எடுத்துவிட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் உள்பட.

"அவர் மேல கேஸ் போடு" என்றேன்.

"போட்டா காசு வரும், ரோகே. என் பேரு வருமா?" என்றாள்.

சமரச அறைக்கு மனு கொடுத்தாள். அதற்குள் மகளின் பதினைந்தாவது பிறந்தநாள் விழா வந்து தொலைத்தது. ஞானத்தகப்பன் இல்லாமல் அந்த விழா நடக்காது. எங்கள் ஊரில் பீர் குடிப்பது தெரியுமல்லவா? ஒரு பாட்டில், ஒரே கிளாஸ். குடித்தவன் நுரையைத் தரையில் உதறிவிட்டு அடுத்தவனிடம் நீட்டுவான். சண்டைக்காரன் நீட்டினால் வாங்கக் கூடாது. வாங்கிக் குடித்தால் சண்டை தீர்ந்தது, அப்புறம் பேச்சே கிடையாது. ஹசிந்தோ குடித்தார், உதறினார், நீட்டினார். இத்தனை வருஷப் பழக்கம், ஃபிதென்சியாவின் கை தானாகப் போய் வாங்கிவிட்டது. குடித்தும் விட்டாள். கூடம் முழுக்கக் கைதட்டியபோதுதான் பாவிக்கு உறைத்தது.

மறுநாள் கடைவீதியே அவளைக் கிண்டலடித்தது. "குடிச்சாச்சுல்ல, இனிமே என்ன பஞ்சாயத்து?"

"பிள்ளைக்காகக் குடிச்சேன். சாயத்துக்காக இல்ல" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பள்ளியிலிருந்து தலைமைச் சகோதரியையும் வரவழைத்திருந்தாள்.

ஹசிந்தோதான் முதலில் பேசினார். "தங்கச்சி, நஷ்டம் பூராவும் நான் தர்றேன். வருஷம் முழுக்கச் சும்மாவே சாயம் போட்டுத் தர்றேன். போதுமா?"

"காசு வேணாம்ணே. 'நூல் சுத்தம், தப்பு என் தொட்டியில'ன்னு கீழே நடுக்கடைவீதியில நின்னு சொல்லுங்க."

சமரசம் பேச வந்த வக்கீலம்மா பக்கம் ஹசிந்தோ திரும்பினார். "இப்படியெல்லாம் கேட்க முடியுமாம்மா?"

"கோர்ட்டுல கேட்க முடியாது. இங்க கேட்கலாம். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன்."

"சொன்னா நாளைக்கு எவன் என்கிட்ட நூல் கொண்டு வருவான்? என் பேரும் பேருதானே தங்கச்சி?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஃபிதென்சியா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "நான் கொண்டு வருவேன்ணே. முதல் வண்டி என்னோடது. தப்பை ஒத்துக்கிற ஆளை நம்பலாம். மழுப்புற ஆளைத்தான் நம்ப முடியாது."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கும் தெரியும்ணே. சொல்லிடுங்க" என்றேன். ஹசிந்தோ என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கீழே கடைகளுக்கு நடுவே நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார்: "ஃபிதென்சியா நூல் சுத்தம்! கெட்டது என் தொட்டியில. அவசரப்பட்டுட்டேன்!"

தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சகோதரி ஃபிதென்சியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அடுத்த வருஷ ஸ்வெட்டரும் நீதான்மா" என்றார். இவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேரே கடைக்குள் போய் வெள்ளை நூல் சிப்பம் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். சுமைக் கூலிக்காரன் ஓடிவந்து கை நீட்டினான், கொடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்து நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

தலை குனிந்து நின்ற ஹசிந்தோவின் தள்ளுவண்டியில் சிப்பத்தைப் போட்டாள். அவரை விடவும் சத்தமாக, கடைவீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"வழி விடுங்கய்யா! ஹசிந்தோ அண்ணன் தொட்டிக்குப் போகுது!"