ஐந்தாவது டின்

காஜா பெராங்கில் குடியிருந்த சந்திரமதி ஆஸ்பத்திரி ஆயா. சலவைக்குப் போய்வரும் படுக்கைத் துணிகளை எண்ணி வாங்குவது அவள் பொறுப்பு. ஒன்று குறைந்தாலும் ஆளை நிறுத்திக் கேட்பாள். வீட்டிலும் அதே கண்தான்.

அது 1957. நாட்டின் சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. கனடா நாட்டுப் பூர்வகுடிகள் குடும்பச் சின்னங்களை மரத்தூணில் செதுக்கி நிறுத்துவார்களாம். அதுபோல் கழித்துப்போட்ட பொருள்களில் தங்கள் குடும்பத்தூணைச் செய்துவரும்படி மகள் விஜயாவின் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். கணவன் நல்லையா கோப்பிக்கடையிலிருந்து காலிப் பால் டின்கள் கொண்டுவந்தான். பிள்ளைகள் அவற்றை மூங்கிலில் கோத்து, சோடா மூடிகளைக் கண்ணாக ஒட்டினார்கள். அப்பா எருமை, அம்மா கோழி, விஜயா பூனை, தம்பி தியாகு குரங்கு.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் ஐந்து டின்கள். கோழிக்கும் பூனைக்கும் நடுவில் மஞ்சள் மூக்கோடு ஒரு மைனா.

"இது யாருடி?"

"அப்பா செஞ்சாரும்மா. நம்ம வீட்டு ஆளுதான்னு சொன்னாரு."

நல்லையா தலை நிமிரவில்லை. "தூணு குட்டையா இருந்துச்சு. உயரத்துக்கு ஒண்ணு வச்சேன்."

உயரத்துக்கு வைப்பவன் அடியில் அல்லவா வைப்பான்? அவளுக்குச் சுருக்கென்றது. மாதம் ஒரு ஞாயிறு உஜோங் பாசிருக்குத் தூண்டில் போடப் போகிறான். ஒரு நாளாவது மீன் வந்ததா? மீன் பிடிக்கப் போகிறவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு? இரண்டு வாரம் அவன் சட்டைகளை முகர்ந்து பார்த்தாள். பைகளைத் துழாவினாள்.

அடுத்த முறை அவன் கிளம்பியதும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். கடலோரப் பலகை வீடு ஒன்றின் முன்னால் அவன் சைக்கிள் நின்றது. படியில் அவனருகே பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். விஜயாவின் அதே நெற்றி.

"யாருங்க இது?"

நல்லையா எழுந்து நின்றான். "என் மக. மல்லிகா. ஜப்பான்காரன் என்னைச் சயாம் ரயில்பாதை போடப் புடிச்சிக்கிட்டுப் போனப்ப இவ அம்மா காய்ச்சல்ல போயிட்டா. இவ பெரியம்மாதான் வளர்க்கிறாங்க."

"எங்கப்பா கேட்டப்ப முன்னால கல்யாணமே ஆகலன்னு சொன்னீங்க."

"சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருக்க மாட்டாரு."

"சரி, அப்புறம் பத்து வருஷம் இருந்துச்சே?"

மல்லிகா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்தப் பிள்ளையின் மேல் சந்திரமதிக்குக் கோபம் வரவில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

மறு ஞாயிறே நல்லையாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உஜோங் பாசிருக்குப் போனாள். சுதந்திரம் வந்த சில வாரங்களில் மல்லிகா அவர்களோடு வந்து சேர்ந்தாள். பின்னாளில் அவளை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டதும் சந்திரமதிதான்.

புருஷனைத்தான் அவளால் பழையபடி நம்ப முடியவில்லை. முடிவெட்டப் போகிறேன் என்று கிளம்பினால்கூட "எந்தக் கடைக்கு?" என்பாள். அவனும் கடைசிவரை நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போனான்.