மிரட்டப் போன கோடாலி

வீரமலைக்குப் பூர்வீகம் பச்சைமலை. பிழைக்க வந்தது திருச்சி. தென்னூரில் குடியிருந்துகொண்டு, கோடாலி, அரிவாள், வடக்கயிறு எல்லாவற்றையும் தோளில் போட்டு, வீட்டுக் கொல்லைகளில் மரம் வெட்டப் போவார். பக்கத்து வீட்டு ஓடு ஒன்றுகூட உடையாமல் மரத்தை இறக்கிவிடுவார். பேச்சில்தான் படு கஞ்சன். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

வெட்ட மட்டுமல்ல, மிரட்டவும் அவரைக் கூப்பிடுவார்கள். மிரட்டினால் காய்க்காத மரமும் காய்க்கும் என்று நம்பிக்கை. வீட்டுக்காரர், "காய்க்காத மரம் எதுக்கு? வெட்டு!" என்பார். வீரமலை பட்டையில் லேசாக ஒரு கொத்து கொத்துவார். உடனே வீட்டம்மா ஓடிவந்து, "வேண்டாம், விட்டுடுங்க, வர்ற வருஷம் காய்க்கும்" என்று மன்றாட வேண்டும். அவ்வளவுதான். மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஐம்பத்தேழாம் வருஷம் பங்குனியில், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ரயில்வே குமாஸ்தா சக்ரபாணி ஐயங்கார் வீட்டுக்கு இப்படித்தான் மிரட்டப் போனார். ஊரெல்லாம் மாவடு ஊறப்போட்டுக்கொண்டிருக்க, அந்த வீட்டு மாமரம் வெறும் இலையோடு நின்றது. ஐயங்காரின் மனைவி அரவிந்தவல்லி புக்ககம் வந்தபோது ஜீயபுரத்திலிருந்து கொண்டுவந்து வைத்த கன்று அது. அவளுக்கு அது உயிர்.

ஆனால் அந்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. அவள் தம்பி கல்யாணத்துக்கு அவளை அனுப்ப மாட்டேன் என்றிருந்தார் ஐயங்கார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"வெட்டு!" என்றார் ஐயங்கார், சமையலறைக்குக் கேட்கிற மாதிரி. வீரமலை ஒரு கொத்து கொத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஆட்டுக்கல் ஓடிக்கொண்டே இருந்தது.

"சாமி, அம்மா வரலையே?"

"அவ வந்து சொன்னா நிறுத்து. இல்லேன்னா வேலையைப் பாரு."

வீரமலை மரத்தில் ஏறினார். ஒரு கிளை விழுந்தால் அம்மா வந்துவிடுவார் என்று நினைத்தார். வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொரு கிளையையும் கயிறு கட்டி இறக்கினார். மாவு அரைத்து முடித்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. தான் போய்க் கெஞ்சினால் அவர் ஜெயித்துவிடுவார் என்று அவளுக்கு. அவள் கேட்காமல் நிறுத்தினால் மானம் போய்விடும் என்று அவருக்கு. இரண்டு படித்த மூளைகள், கேட்டுக்கொள்ளுங்கள்!

கோடாலி அடிமரத்தின் பாதியைத் தாண்டிய பிறகுதான் அரவிந்தவல்லி தலைதெறிக்க ஓடிவந்தாள். "நிறுத்து! வர வருஷம் காய்க்கும், நிறுத்து!" கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"இனி நிக்காதும்மா. பக்கத்து வீட்டு மேல சாஞ்சிடும்" என்றார் வீரமலை.

ஐயங்கார் துவைக்கிற கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். "முன்னாடியே சொல்லப்படாதோ?"

"நீங்க நிறுத்தப்படாதோ?" என்றவள் வீரமலை பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, எங்களுக்குத்தான் வீம்பு. உனக்குமா வாயில்லாம போச்சு?"

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியையும் வெட்டிச் சாய்க்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வீரமலை மோர் குடிக்கவில்லை. நாம ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மரம் நின்னிருக்குமே என்று மனைவி வேலம்மாளிடம் வருஷக்கணக்கில் புலம்பினார். மனம் ஆறவே இல்லை.

அறுபதுகளில் ஒருநாள் பாலக்கரையில் பரக்கத் அலி வீட்டுக் கொய்யாவை மிரட்டக் கூப்பிட்டார்கள். பரக்கத் அலி "வெட்டுங்க!" என்றதுமே, கோடாலியைத் தரையில் போட்டுவிட்டு, "வேண்டாங்க, வர்ற வருஷம் காய்க்கும்" என்று வீரமலையே கும்பிட்டார்.

முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்த பரக்கத் அலியின் மனைவி சுராயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னங்க இது, அதை நான்தானே சொல்லணும்?"

"நீங்க சொல்ற வரைக்கும் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லைங்க" என்றார் வீரமலை.