கோபம் குறைந்தால் மணி விற்காது

போன கிழமை டெக்சஸிலிருந்து என் சித்தியின் மகன் ரவி வந்திருந்தான். சுவிஸுக்கு யாராவது சொக்லேட் கொண்டு வருவார்களா என்று யோசித்தானோ என்னவோ, கோப்பி கொண்டு வந்தான். கறுப்பு நிறப் பை. அதன் மேல் ஒரு கழுகு, கழுகுக்குப் பின்னால் கொடி, கழுகின் காலில் ஒரு துவக்கு. கோப்பிக்கொட்டையின் படத்தைத்தான் எங்கும் காணவில்லை.

"இது எங்கட கோப்பி அக்கா" என்றான். பயல் கோப்பித் தோட்டம் ஏதோ வாங்கிவிட்டான் என்று நான் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டுவிட்டேன். பிறகுதான் விளங்கியது, 'எங்கட' என்றால் அவன் வாக்குப் போடுகிற பக்கத்தினுடைய கோப்பி. மற்றப் பக்கத்துக்கு வேறு கோப்பியாம். "அதை நாங்கள் வாயில வைக்கிறேல்லை" என்று சொல்லும்போது, விரத நாளில் மீன் கதை எடுத்ததுபோல முகத்தைச் சுளித்தான்.

"உன்ர மூத்த மகன் எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்டேன்.

"இருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பையைக் கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்கினான்.

கோப்பி கொதித்தபோது வீடு முழுவதும் கருகல் மணம். வறுத்தவர் ஏதோ கோபத்தில் இருந்திருக்க வேண்டும். ரவி அதைக் குடித்துக்கொண்டே எனக்கு அமெரிக்காவை விளங்கப்படுத்தினான். அங்கே இப்போது சவர்க்காரம், சவர அலகு, கைத்தொலைபேசி, நாய்ச்சாப்பாடு எல்லாமே இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டதாம். இவன் பக்கத்துச் சாமான்களில் குடும்பம், விசுவாசம், தேசம் என்று மூன்று சொற்கள் இருக்கும். வாங்குகிற ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு வழக்குகளுக்கும் வேட்பாளர்களுக்கும் போகும். முகம் மழித்தாலே நாட்டைக் காப்பாற்றலாம் என்று தெரியாமல் எங்கள் ஊரில் எத்தனை பேர் தாடியோடு திரிந்து காலத்தை வீணாக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. விருந்தாளி.

பையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் சின்னதாக ஒரு படம். தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள், மேசையைச் சுற்றித் தலை குனிந்து செபிக்கிறார்கள். மேசை நடுவில் தோல்வாரோடு ஒரு மணி.

"டேய், இந்த மணியை எனக்குத் தெரியும்" என்றேன். ரவி சிரித்தான். சிரிக்கட்டும். நீங்களாவது கேளுங்கள்.

நாங்கள் இப்போது இருக்கிற இந்த ரெனான் ஊருக்கு வருவதற்கு முன்னர், சுவிஸின் கிழக்கு மலைகளுக்குள் எங்கடின் என்ற பள்ளத்தாக்கில் இருந்தோம். என் கணவர் ஒரு ஹொட்டேலில் கோப்பை கழுவினார். நான் ஊரில் இங்கிலீஸ் ரியூஷன் கொடுத்தவள். அந்தப் பெருமையையெல்லாம் மலை ரயிலில் இறங்கிய அன்றே பனிக்குள் புதைத்துவிட்டு, ஒரு மாட்டுக்கொட்டிலுக்கு வேலைக்குப் போனேன். கொட்டிலில் மாடு இல்லை. மாட்டு மணிகள்தான் இருந்தன. உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற மணிகள். வேறெங்கோ செய்யப்பட்டு லொறியில் பெட்டி பெட்டியாக வரும். அதற்குத் தோல்வார் கோத்து, மினுக்கி, கடதாசியில் சுற்றி அடுக்குவதுதான் எங்கள் வேலை. இன்றைக்கும் புதுச் சப்பாத்துக் கடைக்குள் போனால், அந்தத் தோல் மணம் மூக்கில் ஏறி, விரல் நுனிகள் தானாக நோகத் தொடங்கும்.

எங்கள் என்றால் நானும் குணம் அண்ணையும். அவர் மட்டக்களப்புப் பக்கம், கிரான். மனைவி வசந்தியையும் சின்ன மகளையும் அங்கே விட்டுவிட்டு வந்தவர். கையில் தற்காலிகமாகத் தங்க மட்டும் விடுகிற எஃப் விசா. அந்த விசாவில் குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் சில வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலும் போதாது, உதவிப்பணம் எடுக்காமல் சொந்தச் சம்பளத்தில் அவர்களை வைத்துப் பார்க்க முடியும் என்று காட்ட வேண்டும். குணம் அண்ணைக்கு இருந்தது ஐம்பது வீத வேலை. அரைச் சம்பளத்துக்கு அரை மனைவியைக் கூடத் தரமாட்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். 

முதலாளியை நாங்கள் ஷெஃப் என்போம். வேலை கொடுக்கிறவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. பெரிய மீசை, சின்னக் கதை. கொட்டிலின் கதவில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார், வெளிநாட்டவர் வந்தது போதும், இனி வேண்டாம் என்று. அந்தக் கதவால்தான் நாங்கள் தினமும் உள்ளே போய் வெளியே வருவோம். ஒருநாள் குணம் அண்ணை என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த ஒரு மூலையை ஊசி குத்திச் சரிப்படுத்தினார். "காத்துக்குக் கிழிஞ்சிடும் தங்கச்சி" என்றார். ஷெஃப் அதைப் பார்த்துவிட்டார். "உங்களைச் சொல்லேல்லை, மற்ற ஆக்களை" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். இந்த நாட்டில் எனக்கு எல்லோரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மற்ற ஆக்களை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

அப்போதுதான் வேய்ன் வந்து சேர்ந்தான். பனிச்சறுக்கலுக்கு வந்த அமெரிக்கன். எங்கடினில் மார்ச் முதலாம் திகதி பிள்ளைகள் மாட்டு மணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி அடித்துப் பனிக்காலத்தைத் துரத்துவார்கள். அதைப் பார்த்ததும் வேய்னுக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. அவனுடைய கொம்பனி அமெரிக்காவில் நல்ல குடும்பங்களுக்கு நல்ல சாமான்கள் விற்கிற கொம்பனி. நல்ல குடும்பம் எது என்பதை அவனே தீர்மானிப்பான். மற்றக் குடும்பங்களை எதிர்த்து வழக்காட ஒரு பங்கு ஒதுக்குவான். அவன் ஷெஃப்பிடம் வந்து சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன்: எங்கள் நாட்டில் பிள்ளைகள் மேசைக்கு வருவதில்லை. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை. இந்த மணியை அடித்தால் வருவார்கள். குடும்பம் திரும்பி வரும். தேசம் திரும்பி வரும்.

ஷெஃப் ஒரு மணியைத் தூக்கிப் பார்த்தார். "மாடு வரும். பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாது" என்றார். நான் அதை, "நிச்சயம் வரும் என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். வியாபாரம் நடக்க வேண்டாமா?

இப்படித்தான் 'குடும்ப மணி' பிறந்தது. பெட்டியின் மேல், ஆல்ப்ஸ் மலைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்து வருவது என்று அச்சடித்தார்கள். அந்த ஆல்ப்ஸ் மலைக் குடும்பம் நானும் குணம் அண்ணையும்தான். முதல் ஓடர் வந்தபோது ஷெஃப் மீசையைத் தடவிக்கொண்டு குணம் அண்ணைக்கு நூறு வீத ஒப்பந்தம் எழுதினார். அன்றே குடும்பத்தைக் கூப்பிடுகிற விண்ணப்பம் கன்டோனுக்கு, அதாவது மாநில அரசுக்கு, போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ தோல்வார் கோத்துக்கொண்டேயிருந்தார்.

கோடையில் வேய்ன் கமெராக்காரரோடு விளம்பரம் எடுக்க வந்தான். மணி செய்கிற கைகளைக் காட்ட வேண்டுமாம். எங்கள் கறுத்தக் கைகளைப் பார்த்ததும் கமெராக்காரர் வேய்னைப் பார்த்தார். வேய்ன் ஷெஃப்பைப் பார்த்தான். ஷெஃப் கூரையைப் பார்த்தார். கடைசியில், சும்மா ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லு, சத்தத்தைப் பதிவோம் என்றார்கள்.

குணம் அண்ணைக்கு மணி என்றால் ஒரே ஒரு விதமாகத்தான் அடிக்கத் தெரியும். சப்பாத்தைக் கழற்றினார். மணியை இடது கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நிற்காமல் கிணுகிணுவென்று அடித்தார். வலது கை தானாக எழும்பி, இல்லாத கற்பூரத்தட்டை வட்டமாகக் காட்டியது. நான் என்னை அறியாமல் எழும்பிக் கைகூப்பிவிட்டேன். என்னைப் பார்த்து ஷெஃப் தொப்பியைக் கழற்றினார். வேய்ன் அழுதே விட்டான். "எங்கள் நாட்டில் தொலைந்தது இதுதான்" என்றான். என்ன தொலைந்தது என்று அவன் நினைத்தானோ தெரியாது, சூடம் காட்டுவதை அவர்கள் எப்போது வைத்திருந்தார்கள்?

அழுத கையோடு கேட்டான், இவருடைய குடும்பம் எங்கே என்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேய்ன் குணம் அண்ணையின் தலையில் கை வைத்து நீண்ட நேரம் செபித்தான். "முறைப்படி வரட்டும். முறைப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் எதிரிகள் இல்லை" என்றான்.

"முறைப்படிதான் கேட்டிருக்கிறம் எண்டு சொல்லு தங்கச்சி" என்றார் குணம் அண்ணை.

விளம்பரம் வெளிவந்தபோது பார்த்தோம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் புல்வெளியால் ஓடிவந்து மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். பொன்னிறப் பின்னலோடு ஒரு தாய் மணியை ஆட்டுகிறாள். அவள் ஆட்டியது இரண்டு தரம். சத்தமோ நிற்காமல் கிணுகிணுவென்று வருகிறது. குணம் அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரிப்பு அங்கேதான். அதன் பிறகு எங்களுக்குப் பிடித்தது வேறொரு வியாதி. மணி எப்போதும் ஒரே மாதிரி விற்காது என்பது தெரியவந்தது. அமெரிக்காவில் வேய்னின் ஆட்களுக்கு ஏதாவது கோபம் வந்தால் விற்கும். பள்ளிக்கூடப் புத்தகம், மலசலகூடக் கதவு, யாரோ ஒரு பாடகி போட்ட உடுப்பு, எதுவானாலும் சரி. கோபம் வந்தால் மணி வாங்குவார்கள். கோபம் ஆறினால் ஷெஃப்பின் முகம் தொங்கும். கன்டோன் பதில் சொல்லும்வரை நூறு வீத வேலை நிலைக்க வேண்டும். ஆகவே வேலைக்கு வந்ததும் குணம் அண்ணை கேட்கிற முதல் கேள்வி:

"இண்டைக்கு அங்கை என்ன சண்டை தங்கச்சி?"

நான் கைத்தொலைபேசியில் செய்தி பார்த்துச் சொல்வேன். பெரிய சண்டை என்றால் அவர் முகம் மலரும். சண்டை இல்லை என்றால், "ஒண்டுமே இல்லையோ? வடிவாப் பார்" என்பார். ஊரில் சண்டை வேண்டாம் என்று ஓடிவந்த மனிதர், முன்பின் தெரியாத ஒரு தேசத்தில் சண்டை குறையக்கூடாது என்று தவித்துக்கொண்டிருந்தார். நானும்தான். ஒருமுறை இரு தரப்பும் ஏதோ ஒன்றில் உடன்பட்டுக் கைகொடுத்த படத்தைப் பார்த்து, "நாசமாய்ப் போவான்கள்" என்று வாய்விட்டுத் திட்டியது என் நினைவில் இருக்கிறது.

குணம் அண்ணையின் அறையில் ஒரு பிள்ளையார் படமும் தோல்வார் அறுந்ததால் கழித்துவிட்ட ஒரு குடும்ப மணியும் இருந்தன. மாலையில் விளக்கு வைத்து, அந்த மணியை அடித்துவிட்டுத்தான் தனியே சோறு சாப்பிடுவார். மேல்மாடிக் கிழவர் முறைப்பாடு செய்துகூடப் பார்த்தார். கேட்டால், "வசந்தியாக்களுக்குக் கேக்கட்டும்" என்பார்.

பிறகு அமெரிக்காவில் தேர்தல் வந்தது. வேய்ன் எல்லோருக்கும் காணொளி அனுப்பினான், எங்கள் வெற்றிக்காக இந்த மணியை அடித்துச் செபியுங்கள் என்று. நான் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணை, அவங்கள் வெண்டால் கோபம் போயிடும். கோபம் போனால் மணி விக்காது."

குணம் அண்ணை ஒரு நிமிடம் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். அன்று மாலை, வேய்னின் மணியை அடித்து, வேய்னின் ஆட்கள் தோற்க வேண்டுமென்று பிள்ளையாரிடம் கேட்டார். கூட நின்று நானும் தேவாரம் பாடினேன்.

பிள்ளையாருக்கு அமெரிக்காவில் செல்வாக்குக் குறைவு. வேய்னின் ஆட்கள் வென்றார்கள். வெடி கொளுத்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள், மணி வாங்குவதை நிறுத்தினார்கள். ஓடர்கள் வராமல் போயின. வேய்ன், இனி சந்தை கோப்பியில்தான் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப்போட்டு விலகினான். என்னுடைய வேலை பாதியாகக் குறைந்தது. கன்டோனிலிருந்து இன்னும் பதில் இல்லை. அடுத்தது தன்னுடையதுதான் என்று குணம் அண்ணைக்குத் தெரியும். அவர் ஷெஃப்புக்கு முன்னால் போய் நின்றார், நான் பக்கத்தில். 

ஷெஃப் எங்களை இருக்கக்கூடச் சொல்லவில்லை. "ஒப்பந்தம் எண்டால் ஒப்பந்தம். நூறு எண்டு எழுதினால் நூறு" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மனிசியும் பிள்ளையும் வரட்டும்" என்றார்.

சுவரொட்டி கதவில் அப்படியே இருந்தது. அதைக் கழற்றவில்லை. வெளிநாட்டவரைப் பற்றிய அடுத்த வாக்கெடுப்பிலும் எங்களுக்கு எதிராகத்தான் வாக்குப் போட்டேன் என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆனால் மாதக் கணக்காக, யாரும் கேட்காத மணிகளைக் குணம் அண்ணை பகல் முழுவதும் பெட்டியில் அடுக்க, முழுச் சம்பளம் கொடுத்தார். அடுக்கி முடிந்தால் வெளியே எடுத்து மினுக்கி மறுபடி அடுக்குவார். குடும்பம் என்ற சொல்லைப் பெட்டியில் அச்சடித்தவன் கோப்பிக்குப் போய்விட்டான். மீசைக்காரர் அதை எங்கும் அச்சடிக்கவில்லை. அந்த மனிதரை வெறுக்கவும் முடியாமல் மெச்சவும் முடியாமல் நான் பட்ட பாடு இன்னும் தீரவில்லை.

கடைசியில் கன்டோன் சம்மதித்தது; பனி கரைகிற காலத்தில் வசந்தியும் மகளும் சிவப்பு ரயிலில் வந்து இறங்கினார்கள். மகள் தகப்பனின் தோளுயரம் வளர்ந்திருந்தாள். கொஞ்ச நாளில் ஷெஃப் கொட்டிலைப் பூட்டினார். இப்போது அது விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற வீடாம், உள்ளே சுடுதண்ணீர்த் தொட்டியெல்லாம் இருக்கிறதாம்.

அவர்கள் வந்த மாதம் குணம் அண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். நாலு கோப்பை, நாலு கதிரை. பிள்ளையார் படத்துக்குக் கீழே மணி ஒரு துணியால் மூடிக் கிடந்தது. "ஏன் அண்ணை, இப்ப அடிக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"வரவேண்டிய ஆக்கள் வந்திட்டினம். இனி ஆரைக் கூப்பிட?" என்றார். அந்தச் சத்தத்தை நான் பிறகு கேட்கவேயில்லை.

கதை முடிந்தபோது ரவி நாலாவது கோப்பை கோப்பியை ஊற்றிக்கொண்டிருந்தான். சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு மூத்தவன் வீட்டுக்கு வருவதில்லை என்றான், பையைப் பார்த்தபடியே. மேசையில் ஏதோ வாய்த்தர்க்கமாம், இதே கோப்பிப் பை ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனவனாம். தொலைபேசி எடுத்தாலும் பதில் இல்லை.

 அவன் பையின் பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்த மணி இப்ப எங்கையாவது எடுக்கலாமோ?" என்று கேட்டான்.

இல்லையடா, அதை இப்போது யாரும் செய்வதில்லை என்றேன்.